பறவை கேம், மூச்சு கேம்

அன்று மாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஸஜ்ஜாத், கடைக்காரர். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மிளகு, கராம்புக் கடைக்கு மேலே இரண்டு டீவி, இரண்டு கேம் மெஷின், எட்டு பிளாஸ்டிக் கதிரை வைத்துக் கடை நடத்துகிறவர். யாரையும் நம்பாதவர். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

அம்றா, அவருடைய தங்கை. ஜன்னலோரத்தில் போனுக்கு ரீலோட் போடுகிற மேசை அவளுடையது. காதில் எப்போதும் ஒரு வயர் இருக்கும். ஆனால் அறையில் பேசுவது எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

புஹாரி, த்ரீவீல்காரர். வயது ஐம்பது. விளையாடத் தெரியாது, பார்க்கத் தெரியும். பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஹயர், அதாவது சவாரி, குறைவு என்று மேலே ஏறி வந்திருந்தார்.

ரமேஸ், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன் திருத்துகிறவன். வயது இருபத்திரண்டு. கடையின் கொன்ட்ரோலர்கள் பழுதானால் அவன்தான் திருத்துவான். மூச்சு கேமில் கெட்டிக்காரன்.

ஹுஸ்னி. பறவை கேமில் நான்கு வருடமாக அந்த அறையில் எவனும் தோற்கடிக்காத ஆள். இரண்டு கிழமைக்கு முன்னால் பக்டரியில் ராத்திரி வேலையை விட்டுவிட்டு வந்தவன்.

இவர்களில் ஒருவன் கள்ள வேலை செய்கிறான் என்ற முடிவுக்கு ஹுஸ்னி வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும்.

பறவை கேம் என்பதும் மூச்சு கேம் என்பதும் பெட்டியில் அச்சடித்த பெயர்கள் இல்லை. அந்த மாடியில் பிறந்த பெயர்கள். பறவை கேமில் நிலம் என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஒரு உதை சரியாக விழுந்தால் எதிரி ஆகாயத்துக்குப் போவான். அவன் திரும்பி வருவதற்குள் இன்னும் பதினெட்டு உதை கொடுத்து அங்கேயே வைத்திருக்கலாம். உள்ளங்கையிலிருந்து நெருப்பு வரும், தலைமயிர் நிறம் மாறும். எவ்வளவு வாங்கிக் கட்டினாலும் அடுத்த சண்டைக்கு ஆள் பெருநாளைக்குப் புறப்பட்டவன் மாதிரி வந்து நிற்பான்.

மூச்சு கேம் கடைக்கு வந்து ஆறு மாதம். அது குத்துச்சண்டை. இரண்டு பேர், கையுறை, வியர்வை, அவ்வளவுதான். நாலு குத்தை அவசரப்பட்டு விட்டால் ஐந்தாவது குத்துக்குக் கை எழும்பாது. ஆள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவான். அந்தச் சத்தத்தை முதல் நாள் ஸ்பீக்கரில் கேட்ட புஹாரி, "இவனுக்கு வீசிங் இரிக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது மூச்சு கேம்.

இரண்டு கேமும் ஒரே அறையில் சண்டையில்லாமல்தான் இருந்தன. தம்புள்ளைதான் பிரச்சினையைக் கொண்டுவந்தது.

தம்புள்ளை பொருளாதார நிலையம் என்கிற மொத்த மரக்கறிச் சந்தைக்கு எதிரே ஸஜ்ஜாத் இரண்டாவது அறை ஒன்று எடுத்திருந்தார். மரக்கறி லொறிகள் முறை வரும்வரை நாலைந்து மணித்தியாலம் வரிசையில் நிற்கும். லொறிக்காரனுக்குத் தூக்கமும் வராது, லொறியை விட்டுத் தூரப் போகவும் முடியாது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு கதிரையும் ஒரு கொன்ட்ரோலரும் கொடுத்தால் எழும்ப மாட்டான் என்பது ஸஜ்ஜாத்தின் யோசனை. அங்கே ஓர் ஆள் வேண்டும். பகல் வேலை, மாதச் சம்பளம், பின்னால் படுக்க ஓர் அறை. "நீதான் ஹுஸ்னி" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பி ஹுஸ்னி பக்டரி வேலையை விட்டான். ஆறு வருடமாகப் பகலில் தூங்கி ராத்திரியில் பெட்டி ஒட்டியவனுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. விட்ட வேலைக்கு அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிட்டான்.

பிறகு ஸஜ்ஜாத் இரண்டு கேமையும் எடுத்துக்கொண்டு தம்புள்ளைக்குப் போய் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தார். பறவை கேமை லொறிக்காரர்கள் சீண்டவில்லை. நாலந்தாவிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த ஒருவன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஓர் அடிக்கு மூன்று தரம் ஆகாயத்தில் சுற்றுகிறவனை எங்கே கண்டிருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு எழும்பிப் போனானாம். மூச்சு கேமைப் போட்டதும் கதிரை போதவில்லை. திரும்பி வந்த ஸஜ்ஜாத்தின் முகம் வேறு முகம்.

"லொறிக்காரனுக்கு மூச்சு கேம் காட்டிக்குடுக்கத் தெரிஞ்சவன்தான் அங்க வேணும்" என்றார். "ரமேஸும் கேக்கிறான். ரெண்டு பேரும் உக்காருங்க. அஞ்சு சண்டை. மூண்டு எடுத்தவன் போகட்டும்."

ஹுஸ்னி மூச்சு கேமை வெறுத்தாலும் விட்டுவைத்திருக்கவில்லை. இரண்டு கிழமையாகத் தினமும் பழகியிருந்தான். ஒவ்வொன்றும் ஒற்றைச் சண்டை. ஆடுவான், வெல்வான், திரும்ப முதலிலிருந்து போடுவான். ரமேஸோடு நாலைந்து தரம் ஆடி சரிக்குச் சரி வந்திருந்தான். பயம் இருக்கவில்லை.

ஆனால் போயா அன்று ஸஜ்ஜாத் ஒற்றைச் சண்டையாகப் போடவில்லை. கோப்பைப் போட்டி என்று கேமில் ஒரு பகுதி உண்டு. அங்கே அடுத்தடுத்து ஐந்து சண்டையையும் மெஷினே நடத்தி, யாருக்கு எத்தனை என்று மெஷினே சொல்லும். அந்தக் கடையில் அதை யாரும் அதுவரை திறந்ததில்லை.

"எண்ணுறதுக்கு எவனயும் நான் நம்ப மாட்டேன்" என்றார் ஸஜ்ஜாத். "நான் எண்ணினா நீங்க நம்ப மாட்டீங்க. மெஷின் எண்ணட்டும்."

உட்காருவதற்கு முன்னால் புஹாரி ஹுஸ்னியின் முதுகில் தட்டினார். "மகன், உனக்கு இந்தப் புதுசு ஏன் பிடிக்குதில்ல?"

"நெசமாவே குத்து வாங்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எவன்ட காலயாவது மிதிச்சாப் போதும் மாமா. அதுக்கு எதுக்கு கரண்ட் பில்?"

அம்றா சிரித்தாள்.

"பறவையில விரல்தான் அண்ணே சண்டை பிடிக்குது" என்றான் ரமேஸ். "இதுல ஆளு சண்டை பிடிக்கிறான்."

"என்ன ஆளு. டீவிக்குள்ள இரிக்கிற ஆளுடா அவன்."

"இருந்தாலும் அவனுக்கும் நோகும்தானே."

ஹுஸ்னிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டீவிக்குள் இருப்பவனுக்கு நோகும் என்று சொல்கிறவன் ஒன்று முட்டாள், இல்லையென்றால் எதையோ மறைக்கிறவன். ரமேஸ் முட்டாள் இல்லை.

முதல் சண்டையை ஹுஸ்னி இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தான். பறவை கேமில் எப்படிப் போவானோ அப்படியே போனான்: முன்னால், முன்னால், வாங்குகிறதை வாங்கிக்கொண்டு கொடுக்கிறதைக் கொடுப்பது. ரமேஸின் ஆள் முகத்தை மூடிக்கொண்டு கயிற்றோரமாகவே நின்றான். அங்கிருந்து ஹுஸ்னியின் ஆளுக்கு விலாவில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று சின்னச் சின்னதாகக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, கிச்சுக்கிச்சு மூட்டுறியா?" என்று கேட்டான் ஹுஸ்னி.

ரமேஸ் அதே விலாவில் இன்னொன்று கொடுத்தான். அவனுடைய ஆள் விழுந்தான்.

இரண்டாவது சண்டை கடைசி ரவுண்டு வரை போனது. அதையும் ஹுஸ்னிதான் எடுத்தான். இரண்டுக்குப் பூச்சியம். இன்னும் ஒன்று எடுத்தால் தம்புள்ளை.

சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் திரை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கம் வந்தது. ஹுஸ்னி தன்னுடையதை வரும்போதே பட்டனை அமத்தித் தள்ளினான். பறவை கேமில் நடுவில் வருவதெல்லாம் ஆள் தலைமயிரைக் கோதுகிற படம்தான். அதை அமத்தித் தள்ளுவது அந்த அறையில் எல்லோருக்கும் பழக்கம். பெருவிரல் தானாகப் போகும், கண் போக வேண்டியதில்லை. ரமேஸ் மட்டும் தன் பாதித் திரையில் நின்று எதையோ மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடுற, லொத்தர் நம்பரா?"

"ஆளப் பாக்குறேன் அண்ணே."

அரை நிமிடம் பார்த்தான். அந்த அரை நிமிடம் ஹுஸ்னியின் மனதில் முள் மாதிரி நின்றது. இரண்டு சண்டை தோற்றவன் அவசரப்பட வேண்டும். இவன் பொறுமையாக இருக்கிறான். எதற்குக் காத்திருக்கிறான்?

மூன்றாவது சண்டையில் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. ஹுஸ்னி வலது பக்கத்துக் கீழ்ப் பட்டனை அமத்தினால் ஆள் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைக்க வேண்டும். அமத்தினான். வலது கை எழும்பியது. இடது கை பாதியில் நின்று கீழே வந்தது. திரும்ப அமத்தினான். எழும்பி, திரும்ப வந்தது. அந்த இடைவெளிக்குள் ரமேஸின் குத்து தபால்பெட்டிக்குள் கடிதம் போகிற மாதிரி போனது. முதல் ரவுண்டிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தான் ஹுஸ்னியின் ஆள். மூன்றாவது ரவுண்டில் விழுந்தான்.

"பட்டன் பிடிக்குதில்ல" என்றான் ஹுஸ்னி.

"நேத்துப் பிடிச்சிச்சே" என்றார் ஸஜ்ஜாத்.

"நேத்துப் பிடிச்சிச்சு. இண்டைக்குப் பிடிக்குதில்ல. கொன்ட்ரோலர் எவன்ட கையில இருந்து வந்த?"

எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. முந்தின கிழமை இரண்டு கொன்ட்ரோலரையும் ரமேஸ்தான் வாங்கிக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவந்திருந்தான்.

ரமேஸ் தன் கையிலிருந்ததை நீட்டினான். "இத எடுங்க அண்ணே. ஒங்கட எனக்குத் தாங்க."

மாற்றிக்கொண்டார்கள். நாலாவது சண்டையில் ஹுஸ்னியின் ஆள் ஒரு ரவுண்டு கூட நிற்கவில்லை. கை எழும்பவே இல்லை. ரமேஸோ, ஹுஸ்னி 'பிடிக்குதில்ல' என்று சொன்ன கொன்ட்ரோலரை வைத்துக்கொண்டே சுகமாக முகத்தை மூடித் திறந்துகொண்டிருந்தான்.

இரண்டுக்கு இரண்டு.

ஹுஸ்னி நடுவில் வருகிற திரையை இந்த முறை அமத்தவில்லை. கொன்ட்ரோலரைக் கதிரையில் எறிந்துவிட்டு எழும்பினான்.

"கழட்டிப் பாப்பம் நானா" என்றான் ஸஜ்ஜாத்திடம்.

"மாத்தித்தானே ஆடின" என்றார் புஹாரி. "அவனுக்கு உன்டது வேல செஞ்சிச்சே."

"செய்யும் மாமா. எந்த எடத்துல அமத்தணும்னு அவனுக்குத் தெரியும். திருத்தினவன் அவன்தானே."

"அப்ப அவன்டது உனக்கு ஏன் வேல செய்யல?"

"ரெண்டுக்கும் என்னவோ செஞ்சிரிக்கான்."

சந்தேகத்துக்கு இதில் ஒரு வசதி இருந்தது. ஒரு கொன்ட்ரோலர் பழுதென்றால் ஒரு களவு. இரண்டும் பழுதென்றால் இரண்டு களவு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ரமேஸின் முகம்தான் வந்தது. ஹுஸ்னி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஸஜ்ஜாத் கையை நீட்டினார். "ஸ்க்ரூ டிரைவரத் தா."

"நான் கழட்டுறேன் முதலாளி."

"நீ தொடாத. தா."

ரமேஸ் தோள்பையைத் திறந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். அம்றா மேசையிலிருந்த போன்களை ஒதுக்கி இடம் செய்தாள். ஸஜ்ஜாத்துக்கு மெஷின் வைத்துக் கடை நடத்தத் தெரியும், கழட்டத் தெரியாது. நாலு ஸ்க்ரூ வந்ததும் மூடியை இழுத்தார். ஒரு ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போனது. மெல்லிய நாடா ஒன்று கிழிகிற மாதிரி இழுபட்டது. ரமேஸ் கண்ணை மூடித் திறந்தான்.

"இது என்ன?"

வலது பட்டனுக்கு அடியில், ஸ்பிரிங் உட்காருகிற குழியில், நகத்தளவு அட்டைத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது.

அம்றா அதை எடுத்து விரித்தாள். "இது நம்மட ரீலோட் காட் நானா. சுரண்டிப் போட்டது."

இரண்டாவது கொன்ட்ரோலரையும் கழட்டினார்கள். அதே இடத்தில் அதே மாதிரித் துண்டு.

"இதுல ஒரு மடிப்பு" என்றாள் அம்றா. "மத்ததுல ரெண்டு மடிப்பு."

"பாத்தீங்களா?" என்றான் ஹுஸ்னி. அவன் குரல் உயரவில்லை. உயர வேண்டிய தேவை இல்லை. அட்டைத் துண்டு மேசையில் கிடந்தது. அது அவனுக்குப் பதிலாகப் பேசியது.

"ஸ்பிரிங் தளந்து போச்சு முதலாளி" என்றான் ரமேஸ். "ரெண்டுலயும். புதுசு மாத்தளையில இல்ல, கொழும்புல இருந்து எடுக்கணும். அடியில ஏதாவது குடுத்தா எழும்பி நிக்கும். ஒண்ணு கூடுதலாத் தளந்து போயிருந்திச்சு, அதுக்கு ரெண்டு மடிப்பு. எங்க கடையில எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறது."

"எனக்கு என்ன சொன்ன? புது ஸ்பிரிங் போட்டேன்னுதானே சொன்ன?"

ரமேஸ் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னியா இல்லயா?"

"சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"அட்டை வச்சேன்னு சொன்னா நீங்க வேற ஆளத் தேடுவீங்க."

ஸஜ்ஜாத் அட்டைத் துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல முதலாளி" என்றான் ரமேஸ். இப்போதுதான் அவன் குரலில் அவசரம் வந்தது. "அண்ணேட ஆளுக்கு இடது கை அடிபட்டிருக்கு. விலாவும் போயிருக்கு. அதான் கை எழும்பல. ரெண்டு சண்டையிலயும் நான் அங்கதானே அடிச்சேன். கோப்பையில அடி அடுத்த சண்டைக்கும் வரும்."

"என்னது வரும்?"

"அடி. காயம். ஒத்தச் சண்டைன்னா ஒவ்வொருக்காவும் புதுசாத் தொடங்கும். கோப்பைன்னா அதே ஆளு, அதே காயம். நடுவுல ஒரு பக்கம் வரும், அதுல ஆள ஓய்வுல போடலாம், வேற ஆள இறக்கலாம். நான் மாத்தித்தானே இறக்கினேன். அண்ணே பாக்காம அமத்திட்டே இருந்தாரு."

ஸஜ்ஜாத் சிரித்தார். நகைச்சுவைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. "பதினொரு வருசம் இந்தக் கட நடத்துறேன். சண்ட முடிஞ்சா உயிர் நிரம்பும். எந்தக் கேமா இருந்தாலும் அதுதான். முந்தின சண்டையில வாங்கின அடிய எவன்டா அடுத்த சண்டைக்குத் தூக்கிட்டு வாற?"

"நெசத்துல அப்பிடித்தானே முதலாளி."

"நெசத்துல நெசத்துல" என்றான் ஹுஸ்னி. "காட் வச்சதும் நெசம்தானே."

"திரையில இருக்கு. இப்பவும் இருக்கணும். அண்ணே இன்னும் அமத்தல. பாருங்க."

எல்லோரும் டீவியைப் பார்த்தார்கள். கொன்ட்ரோலர் இரண்டும் கழன்று கிடந்ததால், கொன்ட்ரோலரை இணைக்கவும் என்ற கறுப்புப் பெட்டி திரையின் நடுவில் வந்து எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

"ஹுஸ்னி, மத்த மெஷின்ல ஒரேயொரு பழைய கொன்ட்ரோலர் இரிக்கு, அத எடுத்துப் போடு" என்றார் ஸஜ்ஜாத். "என்ன இரிக்குன்னு பாப்பம்." சொல்லிவிட்டு மேசைக்குக் குனிந்தார். காணாமல் போன ஸ்பிரிங்கைத் தேடி அம்றா கீழே டோர்ச் அடித்துக்கொண்டிருந்தாள். புஹாரி நாடா கிழிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரமேஸை மேசையை விட்டு அசைய வேண்டாம் என்று ஸஜ்ஜாத் கையால் காட்டியிருந்தார்.

ஹுஸ்னி டீவிக்கு முன்னால் போய்க் குந்தினான். பழைய கொன்ட்ரோலரின் வயரைச் செருகினான். கறுப்புப் பெட்டி போனது.

அவன் பக்கத்துப் பாதித் திரையில் அவனுடைய ஆள் மேலாடையில்லாமல் முன்பக்கமாக நின்றான். இடது கை தோளிலிருந்து முழங்கை வரை சிவப்பு. விலாவில் இரண்டு இடம் கருஞ்சிவப்பு. பக்கத்தில் சின்ன இங்கிலீஸ் எழுத்தில், இடது கை பலம் நூற்றுக்கு முப்பது. அதற்குக் கீழே, ஓய்வு கொடு, ஆளை மாற்று, அப்படியே இறக்கு. மூன்றாவதில் வெள்ளைக் கட்டம் நின்றது. அதைத்தான் அவன் பார்க்காமல் மூன்று தரமும் அமத்தியிருந்தான்.

ஹுஸ்னி இரண்டு தரம் வாசித்தான். ஓ லெவல் இங்கிலீஸ் அவனுக்குப் போதும்.

எழும்பித் திரும்பி, நானா, அவன் சொன்னது சரி என்று சொல்லலாம். சொன்னால் ஐந்தாவது சண்டை இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு. ஆளை மாற்றி இறக்கினால் வெல்லவும் கூடும். ஆனால் இந்தக் கேமை இப்படி ஆட வேண்டும் என்று தெரிந்தவன் யார் என்று அதற்குப் பிறகு கேட்க வேண்டியதில்லை. தம்புள்ளை வரிசையில் நிற்கிற லொறிக்காரனுக்கு இந்தத் திரையைக் காட்டிக்கொடுக்கத் தெரிந்தவன் இந்த அறையில் ஒருவன்தான். அந்த ஒருவன் அவன் இல்லை. ஸஜ்ஜாத் அதை ஒரு விநாடியில் கண்டுபிடிப்பார். பக்டரியில் அவனுடைய மேசையில் வேறொருவன் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான். தம்புள்ளைக்குப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லியாயிற்று.

ஓப்ஷன் பட்டனை அமத்தினான். வெளியேறு. கோப்பை அழிந்துவிடும், நிச்சயமா என்று கேம் கேட்டது. ஆம் என்றான்.

"எங்க?" ஸஜ்ஜாத் மேசையிலிருந்து நிமிர்ந்து வந்தார்.

திரையில் கேமின் முதல் பக்கம். நல்ல வெளிச்சத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் காலை மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே நிக்கிறான்" என்றார் ஸஜ்ஜாத்.

"அது வேற பக்கம் முதலாளி. அது முதல் பக்கம்." ரமேஸ் மேசையை விட்டு இரண்டு எட்டு வைத்தான். "அண்ணே, நீங்க பாத்தீங்கதானே. செவப்பா தெரிஞ்சிச்சு. எனக்கு அங்க இருந்தே தெரிஞ்சிச்சு."

"என்னத்தப் பாத்த?" என்றான் ஹுஸ்னி. "போட்ட ஒடனே இதுதான் வந்த."

"ரெண்டு மூண்டு தரம் அமத்தின சத்தம் கேட்டிச்சே மகன்" என்றார் புஹாரி. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. ரோட்டில் என்ன சத்தம் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"பழைய கொன்ட்ரோலர் மாமா. ஸ்டிக் தன்பாட்டுல ஓடுது. நிப்பாட்டத்தான் அமத்தின."

புஹாரி அவனைப் பார்த்தார். பிறகு ஸஜ்ஜாத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கையைப் பார்த்தார்.

"இன்னொருக்கா கோப்பை போடுங்க" என்றான் ரமேஸ். "மூணு சண்டை போதும். நானே ரெண்டு பக்கமும் ஆடிக் காட்டுறேன். இல்லன்னா அண்ணேயும் புஹாரி மாமாவும் ஆடட்டும், நான் தொடல."

"எதால ஆடுற?" என்றார் ஸஜ்ஜாத்.

மேசையில் இரண்டு கொன்ட்ரோலரும் வயிற்றைத் திறந்து கிடந்தன. ஒரு ஸ்பிரிங் இல்லை. நாடா பாதி கழன்றிருந்தது. அதைத் திரும்ப மூடத் தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன்தான். அவனைத்தான் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

"பத்து நிமிசம் தாங்க முதலாளி. மூடித் தாறேன்."

"நீ மூடினா திரும்பவும் என்ன வச்சு மூடினன்னு நான் தேடணும்."

பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. அம்றா காதிலிருந்த வயரை எடுத்துவிட்டுத் தலைச் சீலையைச் சரிசெய்தாள். பாங்கு முடியும்வரை யாரும் பேசவில்லை. ரமேஸும் பேசவில்லை. அந்த நேரம் முழுக்க அவன் ஹுஸ்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஹுஸ்னி டீவியில் துள்ளுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாங்கு முடிந்தது.

"நானா" என்றாள் அம்றா, "ஒருக்கா போட்டுத்தான் பாருங்களேன். நாளைக்கு வேற கொன்ட்ரோலர் வாங்கிட்டு."

"நீ ஒன்ட வேலயப் பாரு."

ஸஜ்ஜாத் ஸ்க்ரூ டிரைவரை ரமேஸிடம் திருப்பிக் கொடுத்தார். "நீ கெட்டவன்னு நான் சொல்லல. நீ சொல்றது சரியாவும் இரிக்கலாம். ஆனா ஸ்பிரிங் போட்டேன்னு மூஞ்சிய நேராப் பாத்துட்டுச் சொன்ன. எனக்கு விளங்கல. ஒரு கிழமயா அந்த அட்டைக்கு மேலதான் பிள்ளையள் விளையாடின, எனக்குத் தெரியாது." ஹுஸ்னியின் பக்கம் தலையை ஆட்டினார். "இவனும் இப்ப பொய் சொல்றானோ என்னவோ. அது அல்லாவுக்குத் தெரியும். இவன் பொய் சொன்னா இவன்ட காது செவந்து போகும். அத வச்சு நான் கட நடத்தலாம். உன்ன வச்சு ஏலாது."

ஹுஸ்னி காதைத் தொடவில்லை. தொட வேண்டும் போல இருந்தது.

"அப்ப தம்புள்ளை?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாத நேரம். ஆனால் அதற்காகத்தான் எல்லாம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"திங்கக்கிழம வா. அந்த அறைட திறப்பு தாறேன்." ஸஜ்ஜாத் ரமேஸைப் பார்த்தார். "இனி இங்க திருத்துற வேலையும் இல்ல. வேற ஆள் பாத்துக்கிறேன்."

ரமேஸ் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தான். ஸிப் பாதியில் சிக்கியது. திரும்பப் பின்னால் இழுத்து, சரிசெய்து, முழுதாக மூடினான். வாசலுக்குப் போகிற வழியில் ஹுஸ்னிக்குப் பக்கத்தில் நின்றான்.

"தம்புள்ளையில அவனுங்க கோப்பைதான் கேப்பாங்க அண்ணே" என்றான். "வரிசையில அஞ்சு மணி நேரம் நிக்கிறவன் ஒத்தச் சண்டை கேக்க மாட்டான். மொதல்ல ஓய்வ அமத்துங்க. ஆள மாத்துறதுன்னா அது ரெண்டாவது."

ஹுஸ்னி டீவியின் பக்கம் திரும்பிக்கொண்டான். பதில் சொன்னால் அந்தத் திரையைப் பார்த்ததாக ஆகிவிடும். ஸஜ்ஜாத் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை இல்லை, முகத்துக்குப் பக்கத்தில்.

"ஸ்பிரிங் அலுமாரிக்கு அடியில போயிருக்கு" என்றான் ரமேஸ் அம்றாவிடம். "வெளக்குமாத்தால தள்ளிப் பாருங்க." செருப்பை மாட்டினான். படியில் இறங்கினான்.

புஹாரி எழும்பினார். "எனக்கும் ஹயர் ஒண்ணு இரிக்கு" என்றார். அவருக்கு ஹயர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரின் காலடிச் சத்தமும் கீழே போனது. பாதிப் படியில் ஒன்று நின்றது. புஹாரியின் குரல் ஏதோ கேட்டது. ரமேஸின் குரல் ஏதோ சொன்னது. மேலே இருந்து கேட்டால் சொல் விளங்கவில்லை, புஹாரி "ம்" என்றது மட்டும் விளங்கியது.

"என்ன கதைக்கிறாங்க?" என்று கேட்டார் ஸஜ்ஜாத்.

"தெரியல நானா" என்றான் ஹுஸ்னி.

"நான் தொழுதுட்டு வாற வரைக்கும் அவன் திரும்ப ஏறக் கூடாது. இந்த மெஷின்ல இனி எவனும் கை வைக்கக் கூடாது." சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி ஹுஸ்னியிடம் நீட்டினார். "பின்பக்கத்தால நான் எறங்குறேன். நீ இந்தப் படிக் கதவச் சாத்திப் பூட்டு."

ஹுஸ்னி திறப்பை வாங்கினான். கீழே காலடிகள் மறுபடி நகர்ந்து தெருவுக்குப் போயின. அவன் கதவைத் தள்ளிச் சாத்தி, திறப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். ஸஜ்ஜாத் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு சுற்றும் சுற்றினான்.